அம்மாவின் பிரஷரும் நிமிடத்துக்கு ஆறு மூச்சும்

களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கிளினிக்கில் அவருடைய அம்மாவுக்கு பிரஷர் அளந்தபோது 158/94 என்று வந்திருக்கிறது. அங்கிருந்த தாதி அம்மாவை ஓரமாக ஒரு கதிரையில் இருத்தி, பேசாமல் ஆறுதலாக மூச்சை எடுத்து விடச் சொல்லியிருக்கிறார். ஐந்து நிமிடம் கழித்து அளந்தால் 144/88. மூச்சுக்கு இவ்வளவு பலம் உண்டா, உண்டென்றால் குளிசையைக் குறைக்கலாமா என்று கேட்கிறார். கூடவே அவருக்குத் தன்னைப் பற்றியும் ஒரு பயம். கையில் கட்டியிருக்கும் மணிக்கூட்டில் இதயத்துடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மூச்சை இழுக்கையில் எண் ஏறுகிறது, விடுகையில் இறங்குகிறது. இது இதய வருத்தமா என்கிறார்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாதியாக வேலை செய்தவள். ஓய்வு பெறுவதற்கு முந்திய சில ஆண்டுகள் தாதிய மாணவர்களுக்கு உடற்றொழிலியல் படிப்பித்தவள். முதலில் நேரான பதில்: மூச்சுக்குப் பலம் உண்டு, குளிசையை நிறுத்தும் அளவுக்கு இல்லை, தம்பி மணிக்கூட்டில் கண்டது வருத்தமில்லை, இளம் வயதில் அது நல்ல இதயத்தின் அடையாளம். இனி விளக்கமாகச் சொல்கிறேன்.

மார்புக்கூட்டைக் கொல்லனுடைய துருத்தி போல நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துருத்தி காற்றோடு சேர்த்து இரத்தத்தையும் இழுக்கிறது. மூச்சை உள்ளே எடுக்கும்போது, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான பிரிமென்றகடு கீழே இறங்க, மார்புக்குள் அழுத்தம் குறைகிறது, வயிற்றுக்குள் கூடுகிறது. மேலிருந்து இழுப்பு, கீழிருந்து தள்ளு. இந்த இரண்டுக்கும் நடுவில் வயிற்றிலும் கால்களிலும் இருந்து வரும் இரத்தம் பெருநாளம் வழியாக இதயத்தின் வலப்பக்கத்துக்கு விரைகிறது. ஆனால் அதே கணத்தில் விரிந்த சுவாசப்பை அந்த இரத்தத்தில் ஒரு பங்கைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே இதயத்தின் இடப்பக்கம், உடம்பு முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளும் பக்கம், ஓரிரு துடிப்புகளுக்குச் சற்றுக் குறைவாகவே பெறுகிறது. பிரஷரின் மேல் எண் (158/94இல் 158) சில மில்லிமீற்றர் இறங்குகிறது. மூச்சை விடும்போது சுவாசப்பையில் தங்கியிருந்த இரத்தம் இடப்பக்கம் வந்து சேர, எண் திரும்ப ஏறுகிறது. எல்லோருடைய நாடிக்குள்ளும், அதாவது இதயத்தில் இருந்து இரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்க்குள்ளும், இந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொரு மூச்சிலும் நடந்துகொண்டே இருக்கிறது. சாதாரண மூச்சில் இறக்கம் 10 மில்லிமீற்றரைத் தாண்டாது. தாண்டினால் வைத்தியர்கள் கவனிப்பார்கள்: கடும் முட்டு (ஆஸ்துமா) வந்தவர்களிலும், இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் நீர் கோர்த்தவர்களிலும் அது காணப்படும்.

இதயத்துடிப்பின் கதை வேறு. அதை ஆள்வது நரம்பு. வெட்டி எடுத்து நரம்பில்லாமல் விட்டாலும் இதயம் தானாகத் துடிக்கும். நரம்புகளின் பிடி இல்லாவிட்டால் வளர்ந்தவர் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு 100 அளவில் துடிக்கும். சும்மா இருக்கும்போது நமக்கு 70 என்று இருப்பதற்குக் காரணம், மூளையின் அடியில் இருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு எந்நேரமும் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான். மூளையில் மூச்சை நடத்தும் இடமும் இந்தக் கடிவாளத்தைப் பிடித்திருக்கும் இடமும் அக்கம்பக்கம். மூச்சை இழுக்கும்படி கட்டளை போகும்போது வேகஸின் பிடி தளர்கிறது, துடிப்பு ஏறுகிறது. மூச்சு வெளியே போகும்போது பிடி இறுகுகிறது, துடிப்பு இறங்குகிறது. வேகஸ் வேலை செய்யும் வேகம் வியப்பானது. ஒரே துடிப்புக்குள் அதன் பலன் தெரியும். பயத்திலும் கோபத்திலும் இதயத்தை விரட்டும் பரிவு நரம்புகளுக்கோ பல வினாடிகள் வேண்டும். மூச்சோடு மூச்சாகத் துடிப்பு மாறுவது வேகஸால் மட்டுமே முடிகிற காரியம்.

தம்பிக்கு மணிக்கூடு கூடத் தேவையில்லை. பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துக்கொண்டு, மெதுவாக எடுத்து மெதுவாக விடுங்கள். விடும்போது துடிப்புகளுக்கு இடையிலான இடைவெளி நீள்வது விரலுக்கே தெரியும். என் மாணவிகளுக்கு முதல் நாளில் நான் கொடுத்த பாடம் இதுதான். புத்தகத்தில் வாசித்தபோது ஆவென்று பார்க்காதவர்கள், தங்கள் கையிலேயே அதைக் கண்டபோது முகம் மலர்ந்தார்கள்.

இதை முதலில் எழுத்தில் பதிந்தவர்கள் கருவி கொண்டு பார்த்தவர்கள். இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் ஒரு குதிரையின் நாடியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். இரத்தம் 8 அடிக்கும் மேலே எழுந்து நின்றது. 1733இல் அவர் வெளியிட்ட குறிப்புகள்தாம் இரத்த அழுத்தத்தின் முதல் அளவீடு. அந்த உயரம் மூச்சோடு சேர்ந்து அசைவதையும் அவர் கண்டார். 1847இல் ஜேர்மனியரான கார்ல் லுட்விக், சுழலும் உருளையில் கோடு வரையும் கருவியைக் கொண்டு, மூச்சை இழுக்கையில் துடிப்பு ஏறுவதையும் விடுகையில் இறங்குவதையும் பதிவு செய்தார்.

இந்த ஏற்ற இறக்கம் பிள்ளைகளிலும் இளைஞர்களிலும் விளையாட்டு வீரர்களிலும் பெரிது. வயது ஏற ஏறச் சுருங்கும். சீனி வருத்தம் நீண்ட காலம் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் வேகஸ் நரம்பு பழுதாகி, ஏற்ற இறக்கமே அற்றுப்போகலாம். அதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. நிமிடத்துக்கு ஆறு என்ற கணக்கில் ஆழமாக மூச்சு விடச் சொல்லி இதயத்துடிப்பைப் பதிவார்கள்; அதி கூடிய துடிப்புக்கும் அதி குறைந்த துடிப்புக்கும் இடையே 15 அல்லது அதற்கு மேல் இருந்தால் நல்லது, 10 அல்லது அதற்குக் கீழே என்றால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே தம்பி, உங்கள் எண் அசையாமல் நின்றிருந்தால்தான் நான் யோசித்திருப்பேன். மூச்சோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் துடிப்பு தாறுமாறாக ஓடுவது, நெஞ்சு படபடத்துத் தலை சுற்றி விழப்பார்ப்பது, நெஞ்சு நோவது, இவை வேறு. இவற்றுக்கு ஈசிஜி எடுக்க வேண்டும்.

இனி அம்மாவின் விஷயம். நிமிடத்துக்கு ஏன் ஆறு மூச்சு? கழுத்தின் இரு பக்கமும் மூளைக்குப் போகும் நாடியிலும், இதயத்தில் இருந்து புறப்படும் பெருநாடியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் அவை மூளைக்குச் சொல்ல, மூளை துடிப்பைக் குறைத்து, இரத்தக் குழாய்களைத் தளர்த்தி, அழுத்தத்தை இறக்குகிறது. இறங்கினால் மறுபக்கம். சொல்லி, கேட்டு, செய்து முடிய நேரம் எடுப்பதால் இந்தக் கட்டுப்பாடு தனக்கென்று ஒரு தாளம் வைத்திருக்கிறது. ஓர் அலைக்கு ஏறக்குறைய பத்து வினாடி. ஊஞ்சலை அதன் போக்கில் தள்ளினால் சின்னத் தள்ளுக்கே உயரப் போகும் அல்லவா? நாம் எடுத்து விடும் மூச்சும் பத்து வினாடியாகும்போது, மூச்சின் அலையும் அழுத்தத்தின் அலையும் ஒன்றையொன்று தூக்கிவிடுகின்றன. அந்த உணர் நரம்புகள் கூர்மையாகின்றன. பிரஷர் உள்ளவர்களில் மழுங்கிப்போயிருப்பது இந்தக் கூர்மைதான். 2005இல் இத்தாலியில் பிரஷர் நோயாளர்கள் 20 பேரை வைத்துப் பார்த்த ஆய்வில், நிமிடத்துக்கு ஆறு மூச்சில் மேல் எண் சராசரியாக 150இல் இருந்து 141க்கு இறங்கியது, உணர் நரம்புகளின் கூர்மையும் கூடியது. நிமிடத்துக்கு 15 என்று சீராக மூச்சு விட்டபோதும் அழுத்தம் சற்று இறங்கியது. ஆனால் கூர்மை கூடவில்லை.

இதே ஆய்வாளர்களில் சிலர் 2001இல் செய்த இன்னொன்று எனக்கு மிகப் பிடித்தது. இலத்தீன் மொழியில் செபமாலை சொல்லவைத்தும், 'ஓம் மணி பத்மே ஹூம்' என்ற மந்திரத்தை ஓதவைத்தும் 23 பேரை அளந்தார்கள். இரண்டிலும் மூச்சு, யாரும் சொல்லாமலே, நிமிடத்துக்கு ஆறளவில் வந்து நின்றது. உணர் நரம்புகளின் கூர்மை இரண்டிலும் கூடியது. ஆயித்தியமலைத் திருத்தலத்தில் செபமாலை சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஒருவர் முன்பாதியைச் சொல்கிறார், அவர் முடித்ததும் கூட்டம் பின்பாதியைச் சொல்கிறது. சொல்லும்போது மூச்சு நீளமாக வெளியே போகிறது. மற்றவர் சொல்லக் கேட்டிருக்கும்போது உள்ளே வருகிறது. கோயிலில் தேவாரம் பாடுபவருக்கும், காத்தான்குடியிலும் கல்முனையிலும் குர்ஆன் ஓதுபவருக்கும் ஒரு வரி முழுவதும் ஒரே வெளிமூச்சில்தான் போகிறது. இறைவனிடம் எதற்காகப் போகிறோம் என்பது வேறு விஷயம். அதை இரத்த அழுத்தத்துக்குள் அடக்க நான் விரும்பவில்லை. ஆனால் உங்கள் அம்மாவுக்கு எண்ணிக்கை வைத்து மூச்சு விடுவது எரிச்சலாக இருந்தால், அவருக்குப் பழக்கமான வழிபாட்டை அவசரமில்லாமல், வாய்விட்டுச் சொல்லட்டும்.

சரி, எவ்வளவு இறங்கும்? இங்கேதான் நேர்மை வேண்டும். அம்மாவுக்குக் குறைந்த 14இல் எல்லாம் மூச்சின் வேலை என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் நின்று வந்து, வரிசையில் காத்திருந்து, கதைத்துக்கொண்டே கையை நீட்டினால் எண் ஏறித்தான் இருக்கும். ஐந்து நிமிடம் வாய்மூடி இருந்தாலே ஒரு பங்கு இறங்கும். அதற்கு மேல் மூச்சும் ஒரு பங்கு இறக்கும்: ஜப்பானில் 20,000க்கும் மேற்பட்டவர்களை அளந்த ஓர் ஆய்வில், 30 வினாடி சும்மா இருந்தவர்களைவிட அதே 30 வினாடியில் ஆறு ஆழ்ந்த மூச்சு விட்டவர்களுக்குக் கூடுதலாக இறங்கியது. ஆனால் இந்த இறக்கம் எழுந்து வீட்டுக்குப் போவதற்குள் கரைந்துவிடும். வாரக்கணக்காக நாள்தோறும் பழகினால் நிலைக்குமா என்று பார்த்த ஆய்வுகளில் சிலவற்றில் சில மில்லிமீற்றர் நிலைத்தது. சிலவற்றில், ஒப்பிடுவதற்காக மெல்லிசை கேட்க வைத்தவர்களுக்கும் அதே அளவு இறங்கியது. அமெரிக்க இதயச் சங்கம் 2013இல், கருவியின் வழிகாட்டலோடு செய்யும் மெது மூச்சை மருந்துக்குத் துணையாகச் செய்வது பொருத்தமானது என்றது. துணை என்ற சொல்லைக் கவனியுங்கள்.

என் தாய்மாமா மூச்சுப் பயிற்சி பழகினார். நன்றாகவே பழகினார்; அதிகாலையில் விறாந்தையில் பாய் விரித்து இருப்பார். இரண்டு மாதத்தில் எண் இறங்கியது. அந்த நேரம் அவர் குளிசையும் போட்டுக்கொண்டிருந்தார் என்பதை மறந்து, இறக்கியது மூச்சுத்தான் என்று முடிவு செய்து குளிசையை விட்டுவிட்டார். எங்களிடம் சொல்லவில்லை. அடுத்த சித்திரை வருடப்பிறப்புக்குப் பின் ஒரு காலை அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பாரிசவாதம் வந்த பின்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தார், பேச்சு மட்டும் திரும்பவே இல்லை. வீட்டில் ஒரு தாதி இருந்தும் நான் கேட்காமல் விட்டேன். ஆகவே தம்பி, அம்மாவின் அம்லொடிபினோ லொசார்டனோ எதுவானாலும், குறைப்பதென்றால் வைத்தியர் பார்த்துக் குறைக்கட்டும். மூச்சுப் பயிற்சியால் எண் இறங்கிவந்தால் அதைச் சொல்லுங்கள், அவரும் மகிழ்வார்.

கிளினிக்குக்குப் போனால் மூச்சை ஆழமாக விட்டு எண்ணைக் குறைத்துக் காட்டுபவர்களையும் கண்டிருக்கிறேன். வைத்தியர் ஏசுவார் என்ற பயம். அங்கே காட்டிய எண்ணோடு இதயம் வாழ்வதில்லை. வீட்டிலும் வயலிலும் கடைத்தெருவிலும் இருக்கும் எண்ணோடுதான் வாழ்கிறது. முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் வைத்து, கையை இதயத்தின் மட்டத்தில் தாங்கி, சலம் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் சாதாரணமாக இருந்து, பேசாமல் அளக்க வேண்டும். மூச்சும் சாதாரண மூச்சாகவே இருக்கட்டும். வீட்டில் கருவி இருந்தால் காலையும் மாலையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம், ஏழு நாள் அளந்து, முதல் நாளை விட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் 135/85, கிளினிக்கில் 140/90, இவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோ கூடுதல் என்று கொள்கிறோம்.

பயிற்சி செய்வது இப்படி. கதிரையில் சாய்ந்து, ஒரு கையை வயிற்றின் மேல் வைத்து, மூக்கால் நான்கு வினாடி எடுத்து, ஆறு வினாடி விட வேண்டும். இழுப்பதில் பலத்தைக் காட்ட வேண்டாம். விடுவது நீளமாக இருந்தால் போதும். வேகஸின் பிடி இறுகுவது அந்தப் பக்கத்தில்தான். பத்து அல்லது பதினைந்து நிமிடம், நாள்தோறும். தலை சுற்றினால், உதடும் விரல் நுனியும் விறைத்தால், தேவைக்கு மேல் காற்றை வாங்குகிறார் என்று பொருள். காபனீரொட்சைட்டு அதிகமாக வெளியேறுவதால் அப்படி வரும்; தலை சுற்றுவது மூளைக்குப் போகும் குழாய்கள் சுருங்குவதால். நிறுத்தி, சும்மா இருந்தால் சரியாகிவிடும். வேகவேகமாக மூச்சைத் தள்ளும் பயிற்சிகள் துடிப்பை ஏற்றுபவை; பிரஷர் உள்ளவர்களுக்கு நான் அவற்றைச் சொல்வதில்லை.

அடக்குவதும் வேண்டாம். யோக மரபில் பூரகம் (இழுப்பது) 16, கும்பகம் (அடக்குவது) 64, இரேசகம் (விடுவது) 32 மாத்திரை நேரம் என்று ஒரு கணக்கு உண்டு. உள்ளிழுப்பதைவிட விடுவது இரட்டிப்பு என்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர்களின் கவனத்தை எண்ணிக் கைகூப்பத் தோன்றும். ஆனால் அந்த 64 ஆசானுக்கு முன்னால் ஆண்டுக்கணக்காகப் பழகியவர்களுக்கு உரியது, பிரஷர் குளிசை போடும் அம்மாவுக்கு உரியதில்லை.

மூச்சை அடக்கி முக்கும்போது என்ன நடக்கிறது என்பதை நெல் மூட்டை தூக்குபவரிடம் பார்க்கலாம். கழுத்து நாளம் புடைக்கும், முகம் சிவக்கும். மார்புக்குள் ஏறிய அழுத்தம் நாடிக்குள் நேரே ஏறுகிறது; பிறகு இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் தடைப்பட்டு அழுத்தம் விழுகிறது, துடிப்பு ஓடுகிறது; மூச்சை விட்டதும் தேங்கிய இரத்தம் பாய்ந்து வந்து அழுத்தம் மீண்டும் மேலே எகிறுகிறது. கனடாவில் 1985இல் பளு தூக்குபவர்களின் நாடிக்குள் நேரே அளந்தார்கள். இரு கால்களாலும் பாரத்தைத் தள்ளும்போது சராசரி 320/250. கட்டுக்கட்டான உடம்புக்காரர்கள் தாங்கினார்கள். அம்பாறை மாவட்டத்து ஆலைகளில் ஐம்பது வயதிலும் மூட்டை சுமப்பவர்கள் தூக்கும் நொடியில் வாயால் மூச்சை விடப் பழக வேண்டும் என்று நான் கண்ட இடமெல்லாம் சொல்லிவருகிறேன். நம் கரைவலைக்காரர்கள் அம்பாப் பாட்டுப் பாடி இழுப்பதில் அந்தப் பாதுகாப்பு தானாகவே இருக்கிறது: மூச்சை அடக்கிக்கொண்டு யாராலும் பாட முடியாது. மலச்சிக்கலோடு கழிவறையில் முக்கும் முதியவர்கள் மயங்கி விழுவதும் இதே காரணத்தால்தான். அம்மாவுக்கு அந்தத் தொல்லை இருந்தால் அதைத் தீருங்கள். அம்லொடிபின் போன்ற குளிசைகள் சிலருக்கு மலச்சிக்கலைத் தருவதும் உண்டு. உப்பையும் பாருங்கள். ஒரு நாளைக்கு எல்லாமாக 5 கிராமுக்குக் கீழே என்பது கணக்கு. கருவாடும் ஊறுகாயும் தினமும் தட்டில் இருந்தால் பதினைந்து நிமிட மூச்சால் அதை ஈடுசெய்ய இயலாது.

எண் 180/120ஐத் தொட்டு, நெஞ்சு நோவோ, மூச்சுத் திணறலோ, வாய் கோணலோ, கை கால் விழுதலோ, பேச்சுக் குழறலோ சேர்ந்தால் மூச்சுப் பயிற்சிக்கு இடமே இல்லை. உடனே 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள்.

கடைசியாக நான் உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அம்மா குறட்டை விடுவாரா? குறட்டை நடுவே நின்று, வீடு அமைதியாகி, பின்பு திணறிக்கொண்டு மூச்சு வருகிறதா? அப்படி நிற்கும் ஒவ்வொரு தரமும் ஒட்சிசன் இறங்க, பரிவு நரம்புகள் விழித்து அழுத்தத்தை ஏற்றுகின்றன. இரவு முழுவதும் இது நடந்தால் பகலிலும் எண் இறங்காது. இரண்டு மூன்று குளிசை போட்டும் பிரஷர் அடங்காதவர்களில் இது அடிக்கடி ஒளிந்திருக்கிறது. பகலில் இருந்த இடத்திலேயே தூங்கிவிழுவது, காலையில் தலையிடியோடு எழும்புவது, இவையும் அதன் அறிகுறிகள். இன்று இரவு அம்மா தூங்கிய பின் பத்து நிமிடம் பக்கத்தில் இருந்து கேளுங்கள். மூச்சு நிற்பதாகத் தெரிந்தால் எத்தனை வினாடி நிற்கிறது என்று எண்ணி, கிளினிக் கொப்பியில் எழுதி, அடுத்த முறை வைத்தியரிடம் காட்டுங்கள்.